கடலுக்கு நம் குசினியும் ஒரு வாசல்

2021 மே மாதம் கொழும்புக் கடலில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பற்றியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் சிந்தின. மீன்பிடி தடைசெய்யப்பட, மீனவக் குடும்பங்கள் வருமானமின்றித் தவித்தன. நாம் கப்பல்காரரைக் குற்றஞ்சாட்டினோம். அது நியாயமே. ஆனால் வெள்ளவத்தைக் கால்வாய் மழைக்கு மழை கடலில் சேர்க்கும் பொலித்தீன் பைகளுக்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது?

நகரின் கழிவுநீர்க் குழாய்கள் வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்திலும் கடலில்தான் முடிகின்றன. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் அது உறைந்து குழாயை அடைக்கும். கழிவுநீர் வீதிக்கு வரும். எனவே எண்ணெய்ச் சட்டியைப் பழைய பத்திரிகையால் துடைத்தபின் கழுவுவோம். குழந்தையின் பம்பர்ஸை மலசலகூடத்தில் போடாதிருப்போம். சந்தைக்குப் பன்பை கொண்டு செல்வோம். மதியச் சோற்றை லஞ்ச் சீற்றில் சுற்றாமல் பெட்டியில் கட்டுவோம்.

கிராமத்தவருக்கும் இதில் பங்குண்டு. மஸ்கெலியாவில் ஆற்றில் வீசும் பையும் களனி கங்கை வழியே முகத்துவாரத்தை அடையலாம்.

குப்பையை ஒழுங்காக அகற்றும்படி மாநகர சபையை உரிமையோடு கேட்போம். ஆனால் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த படைப்பைப் பேணும் கடமையைச் சபையின் தலையில் மட்டும் சுமத்தலாகாது. அது நம் குசினியிலேயே தொடங்குகிறது.