அர்ச்சனையில் சொல்லும் நட்சத்திரம்

திருக்கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் கேட்பவை மூன்று: கோத்திரம், நட்சத்திரம், பெயர். ரோகிணி என்றும், மகம் என்றும், திருவோணம் என்றும் தயக்கமின்றி விடை வரும். தம்முடையது மட்டுமன்றி, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோருடைய நட்சத்திரத்தையும் வரிசை தவறாமல் சொல்லும் பெரியோர் பலர். ஆயினும், அறுபது எழுபது ஆண்டுகளாக நாவால் சொல்லிவரும் அந்த நட்சத்திரத்தை வானத்தில் ஒருமுறையேனும் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? மிகச் சிலரே.

இதற்குப் பொருட்செலவு ஒரு காரணம் ஆகாது. வானியல் என்றதும் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்ற பெருங்கருவிகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆராய்ச்சியாளருக்கு அவை வேண்டும். தம் நட்சத்திரத்தைத் தரிசிக்க விரும்பும் குடும்பத்தாருக்கு ஒரு மொட்டை மாடி, ஒரு நாற்காலி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பஞ்சாங்கம் ஆகிய மூன்றும் போதும்.

பஞ்சாங்கம் என்பது நல்ல நேரம் பார்ப்பதற்கு மட்டும் உரிய நூலன்று. அது வானத்துக்கு ஒரு வழிகாட்டி. சந்திரன் விண்மீன்களுக்கிடையே ஒரு சுற்று வர 27 நாளும் ஏறக்குறைய 8 மணி நேரமும் ஆகின்றன. அந்தப் பாதையை 27 பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை முன்னோர் இட்டனர். ‘இன்று ரோகிணி’ என்று பஞ்சாங்கம் சொன்னால், சந்திரன் இன்று ரோகிணியின் பகுதியில் இருக்கிறான் என்பது பொருள். கையை முழுதும் நீட்டி, மடக்கிய முஷ்டியை வானத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை கிழக்கு நோக்கி நகர்கிறான். ஆகவே, உரிய நாளில் சந்திரனைச் சுற்றி ஓரிரு முஷ்டி தூரத்துக்குள் தேடினால் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கு ஒளிமிக்க நட்சத்திரங்களையும் அடையாளம் காணலாம். சுவாதி, திருவோணம், திருவாதிரை போன்றவை சந்திரனின் பாதைக்குச் சற்று விலகி நிற்பவை. அவற்றுக்குச் சந்திரனை நம்பாமல், அவை நன்கு தெரியும் மாதத்தைக் குறித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

நம் திருவிழாக்கள் பலவும் இவ்வாறு வானத்தைப் பார்த்து அமைந்தவையே. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம் என்னும் பெயர்களில் மாதமும் நட்சத்திரமும் இணைந்திருப்பதைக் காண்க. அந்த மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிச் சந்திரன் அந்த நட்சத்திரத்தை அடைகிறான். மாசிமகத்தன்று தீர்த்தவாரி கண்டு திரும்பும் அன்பர்கள், அன்று மாலை கிழக்கே எழும் சந்திரனின் அருகில் நோக்கினால் மகத்தைக் காணலாம். கார்த்திகைத் தீபத்தன்று நிலவொளி மிகுதியால் கார்த்திகை மீன்கள் மங்கியிருக்கும். ஐந்து நாள் கழித்து, நிலவு எழுமுன் முன்னிரவில் கிழக்கே நோக்கினால், முருகப்பெருமானைப் பாலூட்டி வளர்த்த அறுவராக நாம் வணங்கும் அந்த மீன்கள் சிறு கொத்தாகத் தெரியும். அவற்றின் கீழே செந்நிறமாகச் சுடர்வது ரோகிணி.

மார்கழித் திருவாதிரையன்று ஆடல்வல்லானைத் தரிசிப்போர், அவ்விரவே கிழக்கே சிவந்து ஒளிரும் திருவாதிரையையும் தரிசிக்கலாம். 2019 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை அந்த நட்சத்திரம் வழக்கத்தினும் வெகுவாக மங்கியது. அது வெளித்தள்ளிய தூசியே அதன் ஒளியை மறைத்தது என்று அறிஞர்கள் கண்டனர். உலகெங்கும் பேசப்பட்ட அந்த மாற்றத்தை வெறுங்கண்ணே காட்டிற்று. ஆண்டுதோறும் திருவாதிரையைப் பார்த்துப் பழகியவருக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிராது.

திருக்கணிதம் என்ற சொல்லிலேயே இக்கருத்து அடங்கியுள்ளது. ‘த்ருக்’ என்னும் வடசொல்லுக்குக் காட்சி, கண் என்பது பொருள். கண்ணால் காண்பதோடு ஒத்துவரும் கணிதமே திருக்கணிதம். அதை 19ஆம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர்களுள் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1867ஆம் ஆண்டில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் கடந்து சென்ற நிகழ்ச்சியைப் பொதுமக்களும் விளங்கிக்கொள்ள நம் நாட்டு மொழிகளில் விளக்கம் வெளியிட்டார். சாத்திரம் பயின்ற குடும்பத்தில் வந்தவர், ஏட்டோடு நில்லாமல் வானத்தையும் பார்த்தார் என்பதே நமக்குப் பாடம்.

பார்ப்பதால் கிடைக்கும் நிறைவுக்கு ஒரு கணக்குச் சொல்லலாம். திருவோணத்திலிருந்து புறப்படும் ஒளி பூமியை அடையச் சுமார் 17 ஆண்டுகள் ஆகின்றன. சுவாதிக்குச் சுமார் 37 ஆண்டுகள். ரோகிணிக்குச் சுமார் 65. மகத்துக்குச் சுமார் 79. ஆகவே, சதாபிஷேகத்தை நெருங்கும் தாத்தா இன்று காணும் மகத்தின் ஒளி, அவர் பிறந்த காலத்தில் புறப்பட்டு இப்போதுதான் அவர் கண்ணை வந்தடைகிறது. அறுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு ரோகிணி, முப்பத்தேழு வயது மகனுக்குச் சுவாதி, பதினேழு வயதுப் பேத்திக்குத் திருவோணம். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் வானத்தில் ஒவ்வொரு விளக்கு எரிகிறது. இரவு ஒன்பது மணியளவில், ரோகிணி தை முற்பகுதியிலும், மகம் பங்குனியிலும், சுவாதி வைகாசிக் கடைசியிலும், திருவோணம் ஆவணியிலும் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும்.

இன்னும் சற்று நெருங்கிக் காண விரும்புவோர் அவசரப்பட்டுத் தொலைநோக்கி வாங்க வேண்டியதில்லை. நூறு மடங்கு, இருநூறு மடங்கு என்று விளம்பரத்துடன் விற்கும் மலிவான குழல்கள் ஆட்டம் மிகுந்தவை. விரைவில் பரண் ஏறிவிடும். அதைவிடச் சாதாரண பைனாகுலர் நன்று. அதன்மேல் 7×50 என்று எழுதியிருந்தால், ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்பது பொருள். கை நடுங்கும் வயதில் பத்து மடங்கைவிட ஏழு மடங்கே உகந்தது. கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டால் காட்சி நிலைக்கும். அறுவராய்த் தெரியும் கார்த்திகை பல மடங்காய்ப் பெருகும். கண்ணுக்குப் புகைபோல் மங்கித் தோன்றும் பூசம், சிறு மீன்களின் கூட்டமாகப் பிரியும். வியாழனின் பக்கத்தில் புள்ளிகளாகத் தெரிபவை, 1610இல் கலிலியோ கண்ட அவனுடைய நான்கு பெரிய துணைக்கோள்களே. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: பைனாகுலரைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது, பார்வையே போய்விடும்.

வயது முதிர்ந்தோர் மாடிப்படியில் துணையின்றி ஏற வேண்டா. தூரப்பார்வைக் கண்ணாடியை அணிந்து, தெருவிளக்கு முகத்தில் படாத இடத்தில், சாய்ந்து அமரும் நாற்காலியில் இருபது நிமிடம் அமைதியாக இருந்தால் கண் இருளுக்குப் பழகும். அந்த இருபது நிமிடம் நாமஜபத்துக்கும் உகந்த பொழுது.

திண்ணையில் படுத்தபடி, மீன்களின் நிலையைக் கொண்டே இரவின் நாழிகை சொன்ன பாட்டிமாரிடம் வளர்ந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டியிருக்கின்றனர். அடுக்குமாடியில் வளரும் பேரக்குழந்தைகளுக்கு நட்சத்திரம் என்பது ஜாதகக் கட்டத்தில் எழுதிய ஒரு சொல். அவர்களை மாடிக்கு அழைத்துச் சென்று விரல் நீட்டிக் காட்ட வேண்டிய கடமை இந்தத் தலைமுறைக்கு உரியது. இதைத் தவறவிட்டால் காட்டுவார் இரார். குழந்தையின் நட்சத்திரம் எதுவென்று பாருங்கள்; அது நன்கு தெரியும் மாதம் வரட்டும். அதனைக் கண்ட பிறகு, அடுத்த முறை சந்நிதியில் குருக்கள் கேட்கும்போது, அக்குழந்தை தான் பார்த்த ஒன்றின் பெயரைச் சொல்லும்.