ஓடு சொல்லும் சூளைக் கணக்கு

வீட்டில் ஊறுகாய் போட்டு வைக்கும் பீங்கான் ஜாடியைத் தடவினால் வழவழவென்று இருக்கும். பெரம்பூரை ஒட்டிய கொசப்பேட்டையில் வாங்கிய மண்பானை அப்படி இருக்காது. தண்ணீர் மெல்லக் கசியும். அந்தக் கசிவால்தான் தண்ணீர் குளிர்கிறது. இரண்டுமே களிமண்தான். மேலே உள்ள கண்ணாடிப் பூச்சும், சூளையில் வாங்கிய சூடும்தான் வித்தியாசம்.

அந்தச் சூடு எவ்வளவு என்று நூற்றாண்டுகள் கழித்தும் சொல்ல முடியுமா? முடியும். உடைந்த ஓடு ஒன்று போதும்.

களிமண் சுமார் 500, 600 டிகிரி செல்சியஸில் தன்னுள் கட்டுண்ட நீரை இழந்து உருமாறும். ஆயிரத்தைத் தாண்டினால் முல்லைட் என்ற புதிய படிகம் முளைக்கும். ஓட்டில் ஒரு சிட்டிகை பொடி எடுத்து எக்ஸ்-கதிரில் பார்த்தால், எந்தக் கனிமம் இருக்கிறது, எது போய்விட்டது என்று தெரியும். இன்னொரு வழி, சில்லை மின் உலையில் படிப்படியாகச் சுடுவது. முன்பு 800 டிகிரி பார்த்த ஓடு, 700 டிகிரியில் பெரிதாக மாறாது. எங்கே மாறத் தொடங்குகிறதோ, அதுதான் பழைய சூளையின் எல்லை. எவ்வளவு நேரம் சுட்டார்கள் என்பதும் சேர்வதால், விடை ஒற்றை எண்ணாக வராது. இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றுதான் வரும்.

சூளைக்குள் காற்று போனதா என்பதை நிறம் சொல்லும். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் லாங்சுவான் பகுதியின் பச்சைப் பீங்கானும் உண்டு. அந்தப் பச்சை, சாயம் அல்ல. பூச்சில் உள்ள துளி இரும்பு, காற்று குறைந்த சூளையில் 1,200 டிகிரியை ஒட்டி உருகும்போது வரும் நிறம். காற்று அதிகமானால் பழுப்படித்துவிடும். விறகு தள்ளுபவர் கொஞ்சம் அசந்தாலும் சரக்கு வீண்.

நம் ஊர்க் கருப்பு-சிவப்புப் பானையிலும் இதே காற்றின் விளையாட்டுதான். வெளியே காற்றுப்பட்டுச் சிவப்பு, உள்ளே காற்றில்லாமல் கருப்பு. அது பளபளப்பது தேய்த்த மெருகால். கண்ணாடிப் பூச்சு அதில் கிடையாது.

கீழடி ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சை ஆராய்ந்த வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள், அதில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-இல் அறிவித்தார்கள். சுமார் 2,600 ஆண்டுப் பழமையான ஓடுகள் அவை. அதுவரை அறியப்பட்டவற்றில் பழையவை, சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய டமாஸ்கஸ் வாளில் இருந்தவைதான்.

உடனே, ‘தமிழன் அப்போதே நானோ தொழில்நுட்பம் அறிந்தவன்’ என்று பெருமை பேசத் தோன்றும். ஆனால் அந்தக் குயவருக்கு நானோ குழாய் தெரிந்திருக்க வழியில்லை. தாவரச் சாறு போன்ற ஏதோ ஒன்றைப் பூசிச் சுட்டிருக்கலாம். நெருப்பு தன் வேலையைச் செய்தது. அவருக்குத் தெரிந்தது வேறு. எந்த மண், எவ்வளவு விறகு, காற்றை எப்போது அடைப்பது, தீயின் நிறம் எப்போது சரி என்பதெல்லாம். வெப்பமானி இல்லாமல், கண்ணை நம்பிச் செய்த வேலை அது. அந்தப் பூச்சு இத்தனை காலம் உதிராமல் நின்றதே அதற்குச் சான்று. இல்லாத பட்டத்தைக் கொடுத்தால், இருக்கும் கைத்திறன் மறைந்துபோகும்.

வீடு கட்டத் தோண்டும்போது பழைய ஓடு கிடைத்தால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒட்டியிருக்கும் தடயம் போய்விடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படம் எடுத்து, தொல்லியல் துறையிடம் சொல்வது நல்லது. இடம் தெரியாத ஓடு, தேதி கிழிந்த கடிதம் மாதிரி. சூளைச் சூட்டைச் சொல்லும். எந்த ஊர்ச் சமையலுக்குப் பயன்பட்டது என்று சொல்லாது.