விற்க மறுத்த மாநிலங்கள்

அமெரிக்காவில் பிடித்த மாநிலம் எது என்ற கேள்விக்கு நம்மவர்களிடம் வழக்கமாகச் சில பதில்கள் உண்டு. வேலைக்காகப் போனவர்கள் கலிபோர்னியா, டெக்ஸாஸ், நியூஜெர்சி என்பார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அரிசோனாவின் கிராண்ட் கேன்யனையும் புளோரிடாவின் கடற்கரைகளையும் நினைவுகூர்வார்கள். சம்பளம், வானிலை, இயற்கைக் காட்சி, உறவினர் வசிக்கும் ஊர் எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் இவற்றில் பெரும்பகுதி ஒரு மாநிலத்துக்கு வாய்த்தவை. அந்த மாநில மக்கள் கூடித் தீர்மானித்துத் தேடிக்கொண்டவை எவை என்று பார்த்தால் பட்டியல் வேறாகிவிடும். எனக்குப் பிடித்த மாநிலங்கள் மூன்று: ஓரிகன், வெர்மான்ட், நெப்ராஸ்கா. விலைக்குப் போயிருக்கக்கூடிய ஏதோ ஒன்றை ‘இது எல்லோருக்கும் பொது’ என்று இந்த மூன்றும் சட்டம் போட்டுக் காப்பாற்றின. ஒரு மாநிலத்தின் உண்மையான ஈர்ப்பை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பதே என் வாதம்.

இயற்கை கொடுத்தது தானாகவே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடாது. கிராண்ட் கேன்யன் 1919-இல் தேசியப் பூங்கா ஆவதற்கு முன்பு, அதற்குள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் ரால்ஃப் கேமரன் என்பவர் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தார். கடற்கரையின் கதையும் இதுதான். கலிபோர்னியாவில் பொதுமக்களின் உரிமை பொதுவாக ஈரமணலோடு முடிகிறது. அதற்கு மேலே உள்ள உலர்மணல் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். அந்த மாநிலத்தின் கடலோர நகரான மாலிபுவில் கடலுக்குப் போகும் வழிக்காகப் பல்லாண்டுகளாக நடந்துவரும் வழக்குகள் இதனால் வந்தவை. அதே பசிபிக் பெருங்கடலின் கரையில், அதற்கு வடக்கே இருக்கிறது ஓரிகன். அங்கே ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில், 1913-இல், ஈரமணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் இயற்றப்பட்டது. 1966-இல் கேனன் பீச் என்ற ஊரில் ஒரு விடுதி உரிமையாளர் தன் விடுதிக்கு முன்னால் இருந்த உலர்மணலை அடைத்து, விருந்தினர் அல்லாதவர்களை வெளியேற்றினார். அதையடுத்து உலர்மணலையும் மக்களுக்கு உறுதிசெய்யும் மசோதா வந்தது. அது குழுவிலேயே முடங்கும் நிலையும் வந்தது. செய்தி பரவியதும் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஆளுநர் டாம் மெக்கால் அறிவியலாளர்களோடு ஹெலிகாப்டரில் கடற்கரைக்கே போய், பொது எல்லை எதுவரை வர வேண்டும் என்று அளந்து காட்டினார். 1967 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. 1969-இல் மாநில உச்ச நீதிமன்றம் மக்களின் உரிமையை உறுதிசெய்தபோது, பூர்வகுடிகள் காலத்திலிருந்து தடையின்றித் தொடர்ந்துவந்த வழக்கத்தையே அதற்கு ஆதாரமாகக் காட்டியது. இன்று சுமார் 580 கிலோமீட்டர் நீளக் கடற்கரையில் யாரும் நடக்கலாம், உட்காரலாம்.

ஓரிகன் அதோடு நிற்கவில்லை. பானம் அடைத்த போத்தலுக்கும் தகர டப்பாவுக்கும் 5 சென்ட் முன்பணம், திருப்பித் தந்தால் பணம் வாபஸ் என்ற சட்டத்தை 1971-இல் அமெரிக்காவிலேயே முதலில் இயற்றியது இந்த மாநிலம்தான். திரும்பி வரும் போத்தல்களின் விகிதம் குறைந்தால் முன்பணம் கூட வேண்டும் என்ற விதியின்படி 2017-இல் அது 10 சென்டாக உயர்ந்தது. நீலகிரியில் 2022-இல் மதுபோத்தலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் போத்தலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தபோது, நம் மலைகளிலும் அந்த யோசனை பயன்பட்டது. 1973-இல் வந்த ‘செனட் மசோதா 100’ இன்னும் துணிச்சலானது. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி வளர்ச்சி எல்லை ஒன்றை வரைய வேண்டும். அதற்கு வெளியே விளைநிலமும் காடும் காக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் ஹேசல் கொட்டைகளில் ஏறத்தாழ முழுவதும் ஓரிகனில், பெரும்பாலும் வில்லமெட் பள்ளத்தாக்கில், விளைகிறது. மாநிலத்தின் பெருநகரங்களும் அதே பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. அவற்றின் வாசலிலேயே தோட்டங்கள் தப்பிப் பிழைத்திருப்பதில் இந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

வெர்மான்ட் காப்பாற்றியது கண்ணுக்கு எட்டும் தூரத்தை. சாலையோர விளம்பரப் பலகைகளை அந்த மாநிலம் 1968-இல் தடைசெய்தது. பலகை இல்லாவிட்டால் பயணிகள் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரே அளவில், சிறிய வழிகாட்டிப் பலகைகளை அரசே அனுமதித்தது. சுற்றுலா இன்றும் அந்த மாநிலத்தின் முக்கியமான தொழில்களில் ஒன்று. மறைக்கப்படாத மலைகளைப் பார்க்கத்தான் மக்கள் வருகிறார்கள். புதிய நெடுஞ்சாலைகள் வந்து, மலைச்சரிவுகளில் பனிச்சறுக்கு விடுதிகளும் விடுமுறை வீடுகளும் பெருகியபோது, 1970-இல் ‘சட்டம் 250’ வந்தது. பெரிய கட்டுமானத் திட்டம் எதுவானாலும் தண்ணீர், மண், போக்குவரத்து, பள்ளிக்கூடங்கள் மீது ஏற்படும் சுமை முதலான பத்து அளவுகோல்களின்படி ஆராயப்பட வேண்டும். ஆராய்பவர்கள் அந்தந்த வட்டாரத்துக் குடிமக்களைக் கொண்ட ஆணையங்கள். இதில் கையெழுத்திட்ட ஆளுநர் டீன் டேவிஸ், தொழில்துறையிலிருந்து வந்த குடியரசுக் கட்சிக்காரர். ஓரிகனின் டாம் மெக்காலும் அதே கட்சிதான். பொதுச் சொத்தைக் காப்பது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய கொள்கை என்ற எண்ணத்தை இவ்விருவருமே பொய்யாக்குகிறார்கள்.

நெப்ராஸ்காவைச் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துபோவார்கள். சமவெளி, மக்காச்சோளக் கொல்லை, மாட்டுப் பண்ணை. ஆனால் அமெரிக்காவில் எல்லா மின்நுகர்வோருக்கும் பொதுத்துறை அமைப்புகளும் கூட்டுறவுகளுமே மின்சாரம் வழங்கும் ஒரே மாநிலம் அது. அந்த அமைப்புகளில் பலவற்றின் இயக்குநர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே அவை கொண்ட சட்டமன்றம் உள்ள ஒரே மாநிலமும் அதுதான். இந்த மாற்றத்துக்காக அந்த மாநிலத்தின் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் 1934-இல் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார். இரண்டு அவைகள் இருந்தால், அவற்றின் வேறுபாட்டைத் தீர்க்கும் சிறு குழு மூடிய கதவுக்குப் பின்னால் சட்டத்தையே மாற்றிவிடுகிறது. யார் எதற்குப் பொறுப்பு என்று வாக்காளருக்குத் தெரிவதில்லை என்பது அவர் வாதம். மக்கள் ஏற்றார்கள். 1937 முதல் அங்கே ஒரே அவை. இன்று 49 உறுப்பினர்கள். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. எந்த மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. ஓரிகன் கடற்கரைக்குச் செய்ததை நெப்ராஸ்கா தன் சட்டமன்றத்துக்குச் செய்தது. இரண்டுமே மக்கள் எளிதாக நுழைய முடிகிற இடங்களாயின.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது வலுவானது: நிலத்துக்கு வேலி போட்டால் வீட்டு விலை ஏறும், இளைஞர்கள் வெளியேறுவார்கள், நில உரிமையாளர் நட்டப்படுவார். ஓரிகன் வாக்காளர்களே 2004-இல் ‘நடவடிக்கை 37’ என்ற பொதுவாக்கெடுப்பு மூலம், கட்டுப்பாட்டால் நில மதிப்புக் குறைந்தால் அரசு ஈடு தர வேண்டும், இல்லையேல் விதியைத் தளர்த்த வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். விளைநிலங்களில் பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கான விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தபிறகு, 2007-இல் ‘நடவடிக்கை 49’ மூலம் அதே வாக்காளர்கள் அதைப் பெரிதும் சுருக்கினார்கள். வீட்டு நெருக்கடி உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நகர எல்லைக்குள் தனிவீடுகளை மட்டுமே அனுமதித்த உள்ளூர் விதிகளுக்கும் அதில் பங்கிருந்தது. ஒரே மனையில் நடுத்தர நகரங்களில் இரண்டு வீடுகளும் பெரிய நகரங்களில் நான்கு வரையும் கட்ட 2019-இல் ஓரிகன் வழிவகுத்தது. வெர்மான்ட்டும் 2024-இல் ஊர் மையங்களில் வீடு கட்டுவதை எளிதாக்கும்படி ‘சட்டம் 250’-ஐத் திருத்தியது. வெளியே காத்துக்கொண்டே உள்ளே நெருக்கமாகக் கட்டலாம் என்பதுதான் சரியான திருத்தம்; வேலியைப் பிடுங்குவது தீர்வாகாது.

இரண்டாவது எதிர்வாதம் மனசாட்சியைத் தொடுவது. பொது என்று சொல்கிறீர்களே, யாருக்குப் பொது? 1859-இல் ஓரிகன் மாநிலத் தகுதி பெற்றபோதே, கறுப்பினத்தவர் புதிதாகக் குடியேறக் கூடாது என்ற விதி அதன் அரசமைப்பில் இருந்தது. 1926-இல்தான் அது நீக்கப்பட்டது. மிச்சமிருந்த இனவெறிச் சொற்களை அகற்ற 2002 வரை ஆயிற்று. பூர்வகுடிகளின் வழக்கத்தை ஆதாரமாகக் கொண்டு கடற்கரை எல்லோருக்கும் உறுதியானது. அந்தப் பூர்வகுடிகளின் நிலமோ அதற்கு நெடுங்காலம் முன்பே பறிக்கப்பட்டிருந்தது. இந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு ஓரிகனைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால், இந்த வரலாறு பொதுவுரிமை என்ற கொள்கையைத் தோற்கடிக்கவில்லை. அந்தக் கொள்கையை முழுமையாக நிறைவேற்றாத குற்றத்தையே சுட்டுகிறது. ஒரு சிலருக்கு மட்டும் பொதுவாக இருப்பது பொதுவே இல்லை என்று அந்த மாநிலத்திடம் வாதாட, அதன் சொந்தச் சட்டங்களே நமக்கு ஆதாரமாக நிற்கின்றன.

மூன்றாவதாக, வெர்மான்ட்டில் சுமார் ஆறரை லட்சம் பேர், நெப்ராஸ்காவில் இருபது லட்சத்துக்கு அருகில், ஓரிகனில் நாற்பது லட்சத்துக்குச் சற்று மேல். இந்தச் சிறிய மாநிலங்கள் பெரியவற்றுக்கு எப்படி முன்மாதிரியாகும் என்பார்கள். டெக்ஸாஸைப் பாருங்கள். தனிச்சொத்துரிமையைப் பெருமையாகப் பேசும் அந்தப் பெரிய மாநிலம், ஓரிகனின் 1967 சட்டத்துக்கும் முன்னால், 1959-இல், திறந்த கடற்கரைச் சட்டம் இயற்றியது. பின்னாளில் 2012-இல் அதன் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் குறுக்கியது என்பது வேறு பாடம்: ஒருமுறை எழுதிவைத்தால் போதாது, தலைமுறைதோறும் காவல் வேண்டும். கலிபோர்னியா வாக்காளர்களும் 1972-இல் கடற்கரைப் பாதுகாப்புக்கென ஆணையம் அமைத்தார்கள். மாலிபுவில் இன்று கடலுக்குத் திறந்திருக்கும் வழிகள் பல அந்த ஆணையத்தின் போராட்டத்தால் கிடைத்தவை. அளவு ஒரு தடையில்லை. மக்கள் கேட்டார்களா, கேட்டபின் விழிப்போடு இருந்தார்களா என்பதே முடிவு செய்கிறது.

ஆகவே ஒரு மாநிலத்தை எடைபோட அதன் வருமானத்தையும் வானளாவிய கட்டடங்களையும் மட்டும் எண்ண வேண்டாம். கையில் காசில்லாத ஒருவர் அங்கே எவற்றையெல்லாம் யார் தயவும் இல்லாமல் உரிமையோடு அனுபவிக்க முடியும் என்று கேட்க வேண்டும். செல்வம் உள்ளவருக்கு எந்த மாநிலமும் அழகாகத்தான் இருக்கும். அவர் கடற்கரையையும் காட்சியையும் விலைக்கு வாங்கிக்கொள்வார். இல்லாதவருக்கும் அழகாக இருக்கும் மாநிலத்தைச் சட்டமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் மக்கள்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஓரிகனும் வெர்மான்ட்டும் நெப்ராஸ்காவும் குறைகளோடுதான் அதைச் செய்தன. ஆனாலும் செய்தன. என் விருப்பப் பட்டியலில் அவை முதலில் நிற்பது அதனால்தான்.