வயசானா அப்படித்தான்... யார் சொன்னது?

நம்மூர்ல எல்லா வியாதிக்கும் ஒரே ஒரு பதில் வச்சிருக்கோம். முட்டி வலிச்சாலும் அதான், காது கேக்கலைன்னாலும் அதான், ராத்திரி அஞ்சு தடவை எந்திரிச்சுப் போனாலும் அதான். "வயசானா அப்படித்தான்." இந்தப் பதிவு அந்தப் பதிலைத் திட்டுறதுக்காகவே எழுதுறது. அதைச் சொன்ன புண்ணியவான்கள்ல அடியேனும் ஒருத்தன். அதனால திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

எங்க பெரியப்பா சின்னாளபட்டிக்காரர். தறியில உக்காந்தே வாழ்க்கையை ஓட்டினவர். வயசு 70 தாண்டியாச்சு. கொஞ்ச வருசமாவே மனுசன் பஸ் ஏறுறதை விட்டுட்டார். வத்தலக்குண்டுல ஒரு கல்யாணம், வரல. ஒட்டன்சத்திரத்துல ஒரு காதுகுத்து, அதுக்கும் வரல. வெயில் கொளுத்துற சித்திரை மாசத்துல கூட அரை டம்ளர் தண்ணிக்கு மேல தொட மாட்டார். "ஏன் பெரியப்பா?"ன்னு கேட்டதுக்கு, பக்கத்துல பொம்பளைங்க இல்லாத நேரமாப் பாத்து மெதுவாச் சொன்னார். "அடிக்கடி வருதுப்பா. போனா வர மாட்டேங்குது."

அதுக்கு நான் என்ன சொன்னேன்? அதேதான். "வயசானா அப்படித்தான் பெரியப்பா."

பெரியம்மா சொன்னது "சூடு". வெந்தயம், இளநீர், சோத்துக்கத்தாழைன்னு வரிசையா நடந்துச்சு. மருந்துக் கடையில "நீர் நல்லாப் பிரியும்"னு ஒரு சிரப் குடுத்தாங்க. நாலு வருசம் இப்படியே ஓடிப்போச்சு.

போன ஐப்பசி மழையில சளி பிடிச்சுது. அதே கடையில சளி மாத்திரை. அன்னிக்கு ராத்திரி சுத்தமா அடைச்சுக்கிச்சு. அடிவயிறு கல்லு மாதிரி ஆகி, மனுசன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். ரெண்டு மணிக்கு ஆட்டோ பிடிச்சு திண்டுக்கல்லுக்கு ஓடினோம். ட்யூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. "எத்தனை வருசமா இருக்கு? யார்கிட்டயும் சொல்லலையா?"ன்னு டாக்டர் கேட்டார். பெரியப்பா என் மூஞ்சியைப் பாத்தார். ஒண்ணும் சொல்லல. அவர் சொல்லியிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சிறுநீர்ப்பைக்குக் கீழ, நீர்க்குழாயைச் சுத்தி நெல்லிக்காய் அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதான் புராஸ்டேட். ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். 40, 45க்கு மேல அது மெதுவா வளரும். 60ஐத் தொடும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு வீக்கம் இருக்கும். 80 தாண்டினா பத்துல எட்டு பேருக்கு. இது புற்றுநோய் இல்லை. எல்லாருக்கும் தொந்தரவு குடுக்கிறதும் இல்லை. ஆக, வயசானா வரும்ங்கிறது உண்மைதான். "அப்படித்தான்"ங்கிறதுதான் பொய்!

அறிகுறிகள் ரெண்டு விதம். வெளியேத்துறதுல வர்ற சிக்கல்: வரக் காத்துக்கிட்டு நிக்கணும், முக்கணும், வேகம் இருக்காது, விட்டு விட்டு வரும், முடிச்ச பிறகும் சொட்டும், முழுசாப் போன திருப்தி இருக்காது. தேக்கி வைக்கிறதுல வர்ற சிக்கல்: அடிக்கடி வரும், வந்தா அடக்க முடியாது, ராத்திரித் தூக்கம் போயிடும். இதையே ஏழு கேள்வியா வச்சு 35 மார்க்குக்கு ஒரு கணக்குப் போடுறாங்க. 7 வரைக்கும் லேசு, 8லேருந்து 19 நடுத்தரம், 20லேருந்து கடுமை. பெரியப்பாவை உக்கார வச்சு அப்புறமாக் கேட்டேன். 26!! பரீட்சையில அவர் வாங்கின பெரிய மார்க் இதுதான்னு அவரே சிரிச்சார்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். நாம பூட்டு ஊர்க்காரங்க, அதனால பூட்டு வச்சே சொல்றேன். பூட்டு இறுகிப்போச்சுன்னா ரெண்டு வழி. ஒண்ணு எண்ணெய் விடுறது. இன்னொண்ணு, உள்ள வளர்ந்து நிக்கிற பிசிறை அரத்தால ராவுறது.

டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் இதெல்லாம் எண்ணெய். சுரப்பியிலயும் பையோட கழுத்துலயும் இருக்கிற தசையைத் தளர்த்தும். சில நாள்லயே வித்தியாசம் தெரியும். ஆனா சுரப்பி சின்னதாகாது. சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தலாம், விந்து வெளிய வராமப் போகலாம்.

ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு ரெண்டும் அரம். சுரப்பியை வளர்க்கிற ஹார்மோன் உருவாகுறதைத் தடுத்து அதைச் சுருக்கும். சுரப்பி நல்லாப் பெருத்தவங்களுக்குத்தான் இதனால பலன். ஆறு மாசம் பொறுக்கணும். பதினஞ்சு நாள் சாப்பிட்டுட்டு "ஒண்ணும் கேக்கல"ன்னு நிறுத்துறதுல அர்த்தமே இல்லை. சிலருக்கு ஆசை குறையும், விறைப்புல பிரச்சினை வரும். அதையும் வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லணும்.

ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா என்ன ஆகும்? அமெரிக்காவுல 3047 பேரை வச்சுப் பாத்து 2003ல முடிவு வெளியிட்டாங்க. தனித்தனியாக் குடுத்தப்போ நோய் முத்துறது மூணுல ஒரு பங்கு சொச்சம் குறைஞ்சுது. சேர்த்துக் குடுத்தப்போ மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சுது.

"அப்ப நானே கடையில வாங்கிக்கிறேனே"ன்னு கெளம்பிடாதீங்க சாமி. இங்கதான் எனக்குக் கோபமே வருது.

ஒண்ணு: இதே அறிகுறி சர்க்கரைல வரும், கிருமித் தொற்றுல வரும், குழாய் சுருங்கினாலும் வரும், புற்றுநோய்லயும் வரலாம். சோதிக்காம எப்படித் தெரியும்? ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டா பி.எஸ்.ஏ. அளவு பாதியாக் குறைஞ்சிடும். அதைச் சொல்லாம டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் நல்லாத் தெரியும், புற்றுநோய் உள்ள ஒளிஞ்சிருக்கும்.

ரெண்டு: சளி மாத்திரை. மூக்கடைப்புக்குப் போடுற ஃபீனைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மாதிரி மருந்துகள் பையோட வாசலை இறுக்கும், இல்ல பை சுருங்குறதைக் கெடுக்கும். பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான்னு டாக்டர் சொன்னார். கடையில ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த ராத்திரி எங்களுக்கு வந்தே இருக்காது.

மூணு: இதைத் தயவுசெஞ்சு வீட்டுல சொல்லி வைங்க. டாம்சுலோசின் சாப்பிடுறவங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணும்போது கருவிழிப்படலம் தொளதொளன்னு ஆகிடுது. 2005லயே சாங், கேம்ப்பெல்னு ரெண்டு டாக்டர்கள் எழுதிட்டாங்க. மாத்திரையை நிறுத்தினாலும் அந்தப் பாதிப்பு இருக்கலாம். முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் அதுக்கேத்த மாதிரி தயாரா இருப்பார். நம்ம பக்கம் கண் முகாம்ல பேர் குடுக்கிற பெருசுகள்ல எத்தனை பேர் இதைச் சொல்லுவாங்க? "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டா சுகரையும் பிரஷரையும் சொல்லுவாங்க. இதை மட்டும் முழுங்கிடுவாங்க. கூச்சம்!

"இயற்கை மூலிகை, பக்கவிளைவே இல்லை"ன்னு விக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உலகம் பூரா இதுக்கு ரொம்ப வித்த மூலிகை சா பால்மெட்டோ. 2006லயும் 2011லயும் ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க. வெறும் மாத்திரைக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. ரெண்டாவது தடவை மூணு மடங்கு வரைக்கும் குடுத்துப் பாத்தும் அதே கதைதான்.

இந்த ஊர்ல சிறுநீரைப் பத்திப் பேச என்ன கூச்சம்? பெரியார் கடைசிக் காலத்துல ட்யூபும் சட்டியுமா ஊர் ஊராப் போய் மேடையில உக்காந்து பேசினார். 1973 டிசம்பர் 19ல தி.நகர்ல பேசினதுதான் கடைசிப் பேச்சு, 24ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். அவருக்கும் இதே வியாதின்னு நான் சொல்ல வரல. தமிழ்நாடே பாக்க அந்த மனுசன் கூச்சப்படலைங்கிறதைத்தான் சொல்றேன். நாம பெத்த அப்பன்கிட்ட ஒரு கேள்வி கேக்கக் கூச்சப்படுறோம்.

ஒரு காலத்துல மொக்கை போட்டு கும்மியடிச்ச நம்ம கூட்டத்துக்கே இப்ப 50 ஆகிடுச்சு மக்களே. இன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட, மாமாகிட்ட ஒரு தடவை கேளுங்க: "எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?" பதில் வந்தா, மறுபடி அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லாதீங்க. கூட்டிட்டுப் போங்க.

பெரியப்பாவுக்கு ரெண்டு மாத்திரையும் ஓடுது. ட்யூப் எடுத்தாச்சு. ராத்திரி ஒரு தடவைதான். போன வாரம் அவரே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணி கேட்டார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு மாத்திரை வாங்காதீங்க, டாக்டரைப் பாருங்க. நீரில் ரத்தம், குளிர்காய்ச்சல், முழு அடைப்பு இதுல எது வந்தாலும் விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க.