சுதந்திர நாட்டின் காப்பீட்டுச் சங்கிலி

அமெரிக்காவைப் பத்தி யாரைக் கேட்டாலும் முதல்ல வந்து விழுற வார்த்தை 'சுதந்திரம்'. சரி, இருக்கட்டும். பிடிக்காத வேலையை நாளைக்கே உதறிட்டுப் போற சுதந்திரம் இங்கே எத்தனை பேருக்கு இருக்கு? வீட்டுல ஒரு சர்க்கரை நோயாளியோ, ஆஸ்துமா உள்ள குழந்தையோ இருந்தா போதும். மேனேஜர் என்ன ஆட்டம் ஆடினாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். ஏன்னா, பெரும்பாலானவங்களுக்கு மருத்துவக் காப்பீட்டை வேலையோட முடிச்சுப் போட்டு வெச்சிருக்காங்க. இந்த அவஸ்தைக்கு 'ஜாப் லாக்'னு பேர் கூட உண்டு.

"இது ஃப்ரீ மார்க்கெட்டுங்க, அரசாங்கம் தலையிடாது"ன்னு நம்ம ஆளுங்களே வாரக்கடைசி விருந்துல வெளுத்துக் கட்டுவாங்க. சுத்தப் பேத்தல்! இந்த ஏற்பாடு வளர்ந்ததே அரசாங்கம் தலையிட்டதாலதான். 1942-ல, உலகப்போர் சமயம், விலைவாசி எகிறக் கூடாதுன்னு சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டாங்க. காப்பீடு மாதிரி சலுகைகளுக்கு விலக்கு. ஆள் கிடைக்காம தவிச்ச கம்பெனிகள் 'சம்பளம் ஏத்த முடியாது, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கறோம்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. 1954-ல வரிச்சலுகையும் சட்டத்துல ஏறிடுச்சு. போர் முடிஞ்சு 80 வருஷம் ஆச்சு, பந்தலை இன்னும் பிரிக்கலை.

மார்க்கெட்டுன்னா வாங்குறவன் தேர்ந்தெடுக்கணும். இங்கே எந்தக் காப்பீடுன்னு முடிவு பண்றது கம்பெனி. எந்த டாக்டர்னு சொல்றது இன்சூரன்ஸ்காரன். விலை பல சமயம் பில் வந்தப்புறம்தான் தெரியும். கத்தரிக்காய் வாங்குறவனுக்குக் கூட இதைவிட உரிமை ஜாஸ்தி.

மாத்தப் பார்க்கலையா? பார்த்தாங்க. 1945-ல ட்ரூமன் எல்லாருக்கும் காப்பீடுன்னார். அமெரிக்க மருத்துவர் சங்கம் 'சோஷலிச மருத்துவம்'னு பூச்சாண்டி காட்டியே கவுத்துச்சு. 1965-ல ஜான்சன் முதியவங்களுக்கு மெடிகேர் கொண்டு வந்தார். அதை யாரும் சோஷலிசம்னு வேண்டாம்னு தள்ளலை :-) 2010-ல ஒபாமா சட்டம், ஏற்கெனவே நோய் இருக்குன்னு காப்பீடு மறுக்கக் கூடாதுன்னு ஆக்குச்சு. பெரிய விஷயம்தான், மறுக்கலை. ஆனா சங்கிலி அறுபடலை, கொஞ்சம் நீண்டுச்சு, அவ்வளவே.

வேலை போனா? 'கோப்ரா'ன்னு ஒரு சட்டம். பேரே பாம்பு! பொதுவா 18 மாசம் வரைக்கும் பழைய காப்பீட்டை வெச்சுக்கலாம். ஆனா கம்பெனி கட்டின பங்கையும் சேர்த்து முழு பிரீமியமும், அதுக்கு மேல 2 சதவீதம் வரைக்கும் நாமதான் கட்டணும். சம்பளம் நின்ன மாசத்துல! 2020 ஏப்ரல்ல மட்டும் 2 கோடிப் பேருக்கு மேல வேலை போச்சு. அதுவும் கொள்ளைநோய்க்கு நடுவுல. ஹெச்1பி-காரங்களுக்கு விசாவும் அதே ஆணியில தொங்குது, வேலை போனா அதிகபட்சம் 60 நாள்.

நம்மூர் ஜி.ஹெச்.ல கூட்டம் உண்டு, அழுக்கு உண்டு. ஆனா சீட்டு எழுதுறவர் 'எந்தக் கம்பெனில வேலை'ன்னு கேட்கமாட்டார்.

நோய் முத்தினா வேலைக்குப் போக முடியாது. வேலை போனா காப்பீடு போகும். சரியா வேணுங்கிற நேரத்துல கைவிட்டுப் போறதுக்குப் பேரு காப்பீடாய்யா?