4 ஆண்டு தடை 18 மாதமானது எப்படி? பால் போக்பா வழக்கு சொல்லும் பாடம் என்ன?

811 நாட்கள். ஒரு கால்பந்து வீரர் ஆடிய ஒரு மேட்ச்சுக்கும் அடுத்த மேட்ச்சுக்கும் நடுவில் விழுந்த இடைவெளி இது.

2025 நவம்பர் 22-ம் தேதி, பிரெஞ்சு லீக்கில் ரென் அணிக்கு எதிரான போட்டி. 85-வது நிமிடத்தில் மொனாக்கோ அணியின் மாற்று வீரராக களமிறங்கினார் பால் போக்பா. மொனாக்கோ 4-1 என தோற்றது. போக்பா ஆடியது கடைசி சில நிமிடங்கள்தான். ஆனால், அதற்காக அவர் காத்திருந்தது 2 வருடத்துக்கும் மேல்!

உலகக் கோப்பை ஃபைனலில் கோல் அடித்த ஒருவருக்கு ஏன் இந்த நிலை? விரிவாக பார்ப்போம்.

யார் இந்த போக்பா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவிலிருந்து பிரான்ஸுக்கு குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. 1993-ல் பாரிஸ் அருகே பிறந்தவர். டீன் ஏஜிலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் சேர்ந்தார். ஆட வாய்ப்பு சரியாக கிடைக்காததால் 2012-ல் இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனார். அங்கே தொடர்ந்து 4 லீக் பட்டங்கள்.

விளைவு? சும்மா அனுப்பிய அதே வீரரை 2016-ல் 89 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து திரும்ப வாங்கியது மான்செஸ்டர் யுனைடெட். அன்றைக்கு அதுதான் உலக சாதனை. 2018 உலகக் கோப்பை ஃபைனலில் குரோஷியாவை பிரான்ஸ் 4-2 என வீழ்த்தியபோது, அதில் ஒரு கோல் போக்பாவுடையது.

சரிவு எங்கே தொடங்கியது?

2022-ல் மறுபடியும் யுவென்டஸ். வந்த வேகத்தில் முழங்கால் காயம். அந்த வருட உலகக் கோப்பையே கைவிட்டுப் போனது. அந்த சீசன் முழுக்க அவர் ஆடியது 10 போட்டிகள்தான்.

இதே காலத்தில் இன்னொரு இடி. பணம் கேட்டு போக்பாவை மிரட்டிய கும்பலில் சிறுவயது நண்பர்களோடு சொந்த அண்ணன் மத்தியாஸும் இருந்தார். கேட்ட தொகை 1.3 கோடி யூரோ. 2024 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் மத்தியாஸ் உட்பட 6 பேரை குற்றவாளிகள் என தீர்ப்பளித்தது.

ஊக்கமருந்து புகார் என்ன?

2023 ஆகஸ்ட் 20, உடினேஸே அணிக்கு எதிரான போட்டி. போக்பா பெஞ்சில்தான் இருந்தார், களத்தில் இறங்கவே இல்லை. ஆனால் போட்டிக்குப் பின் எடுத்த சோதனையில், உடல் தானாக சுரக்காத, வெளியிலிருந்து வந்த டெஸ்டோஸ்டிரோனின் தடயம் சிக்கியது. காரணம், டி.ஹெச்.இ.ஏ. என்ற பொருள். அமெரிக்காவில் கடைகளில் சாதாரணமாக கிடைக்கும் சப்ளிமென்ட்தான் இது. ஆனால் விளையாட்டு வீரர்களுக்கு தடை.

செப்டம்பர் 11-ல் தற்காலிக தடை. 2024 பிப்ரவரியில் இத்தாலிய ஊக்கமருந்து தடுப்பு தீர்ப்பாயம் 4 ஆண்டு தடை விதித்தது. அப்போது போக்பாவுக்கு வயது 30. அந்த வயதில் 4 வருடம் என்றால், கிட்டத்தட்ட ஆட்டமே முடிந்த மாதிரிதான்.

18 மாதமாக குறைந்தது ஏன்?

இங்கேதான் விதியை புரிந்துகொள்ள வேண்டும். உலக ஊக்கமருந்து தடுப்பு விதிப்படி, வீரரின் உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு அவரே பொறுப்பு. யார் கொடுத்தது என்ற கேள்வி பிறகுதான். இந்த வகை மருந்து சிக்கினால் நேராக 4 ஆண்டு தடை. 'நான் தெரிந்து எடுக்கவில்லை' என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் வீரர்தான்.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் போக்பா அதைத்தான் செய்தார். புளோரிடாவில் உள்ள ஒரு டாக்டர் பரிந்துரைத்த சப்ளிமென்ட் அது. பெரிய வீரர்களுக்கு சிகிச்சை அளித்ததாக சொன்ன அந்த டாக்டர், ஊக்கமருந்து விதிகளையும் கவனத்தில் கொள்வார் என போக்பாவுக்கு உறுதி சொல்லப்பட்டிருந்தது. 'வேண்டுமென்றே எடுக்கவில்லை' என்பதை ஏற்ற நீதிமன்றம், 2024 அக்டோபரில் தடையை 18 மாதமாக குறைத்தது.

அப்போ அவர் நிரபராதியா?

இல்லை. குழப்பமே இங்கேதான். தடை குறைந்ததே தவிர, ரத்தாகவில்லை. தொழில்முறை வீரர் என்ற முறையில் அவர் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. ஏமாற்றவில்லை, ஆனால் அலட்சியம் இருந்தது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இழந்தது எவ்வளவு?

தடை என்னவோ 18 மாதம்தான். ஆனால் களத்துக்கு வெளியே போனது 26 மாதத்துக்கும் மேல். எப்படி?

தடை முடியும் முன்பே, 2024 நவம்பரில் யுவென்டஸ் ஒப்பந்தம் பரஸ்பர சம்மதத்தோடு முடிந்தது. 2025 மார்ச்சில் தடை விலகியபோது கையில் கிளப் இல்லை. ஜூன் மாதம்தான் மொனாக்கோ 2 வருட ஒப்பந்தம் கொடுத்தது. கையெழுத்து போடும்போதே கண் கலங்கிவிட்டார். அதன்பிறகும் உடல் தகுதி பெற மாதக்கணக்கில் ஆனது. நடுவில் சின்னச் சின்ன காயங்கள் வேறு. காகிதத்தில் தடை முடிந்த நாளும், கால் மைதானத்தை தொட்ட நாளும் வேறு வேறு.

தேசிய அணிக்கு 91 போட்டிகள் ஆடியவர் அவர். பிரான்ஸுக்காக கடைசியாக ஆடியது 2022 மார்ச்சில். 32 வயதில் பழைய போக்பா திரும்ப வருவாரா என்பதற்கு சில நிமிட ஆட்டம் பதில் சொல்லாது.

ஆனால் ஒன்று நிச்சயம். இந்த விதி போக்பாவுக்கு மட்டுமல்ல, போட்டிகளில் ஆடும் எல்லா நாட்டு வீரர்களுக்கும் பொருந்தும். பெரிய டாக்டர் சொன்னார், தெரிந்தவர் கொடுத்தார் என்பதெல்லாம் தண்டனையை குறைக்கலாம். போன நாட்களை திருப்பித் தராது. டப்பாவை திறக்கும் முன், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தால்?