கருப்பூரிலிருந்து வரும் பிள்ளைகள்



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கு வரும் போன்களின் பேச்சே மாறிவிடும். எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி, ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் பத்திரமா என்பதுதான் கேள்வி. இந்த முறை ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். "பாப்பா சோசியாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. அது என்ன படிப்புங்க? படிச்சா வேலை கெடைக்குங்களா?" போனில் இரண்டு வரி சொன்னேன். அது போதாது என்று பட்டதால் இந்தப் பக்கத்தை அவருக்காக எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பல வீடுகள் இருக்கும்.

வேலை பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணி, ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், அரசுத் திட்டங்களின் களப்பணி என வழிகள் இருக்கின்றன. ஐ.ஏ.எஸ். தேர்வில் சமூகவியல், மானிடவியல் இரண்டுமே விருப்பப் பாடங்கள். ஆனால் வேலை மட்டுமே கணக்கு என்றால் இந்தப் படிப்பின் அருமை பிடிபடாது.

நாம் இருக்கும் சேலம் ஃபேர்லேண்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குச் சாரதா கல்லூரி சாலையில் நின்று பார்த்தால் போதும். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் வீட்டு வேலைக்கு விரைகிறார்கள். ஆத்தூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரி தேடி வருகிறார்கள். இரவுக் காவல் முடித்த வடமாநில இளைஞர் டீக்கடையில் நிற்கிறார். பெரிய காம்பவுண்டு வீட்டில் வயதான தம்பதி மட்டும், பிள்ளைகள் வெளிநாட்டில். நோயாளியோடு வந்தவர்கள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள்? அடுத்தவர் வீட்டுக் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்பும் பெண்ணின் குழந்தையை அந்த நேரத்தில் யார் கிளப்புகிறார்கள்? சிகிச்சைக்கு விற்றது எந்த நிலம்? இவற்றைப் பொறுமையாகக் கேட்டு, எழுதி, அடுக்கி, காரணம் தேடுவதுதான் சமூகவியல். மானிடவியல் அதன் உடன்பிறப்பு. ஓர் ஊரில் போய் மாதக்கணக்கில் தங்கி, நோம்பிக்கும் எழவுக்கும் கூடவே இருந்து கற்றுக்கொள்வது அதன் வழக்கம். இன்று இரண்டும் ஒன்றின் வேலையை ஒன்று செய்கின்றன.

பெங்களூரு சாலையில் கருப்பூர் அருகே இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்கென்று தனித்துறை இருக்கிறது. 1997 செப்டம்பர் 17, பெரியார் பிறந்தநாளன்று தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதற்கு முன் சேலத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. சாதி ஏன் இப்படி இருக்கிறது, பெண் ஏன் இப்படி நடத்தப்படுகிறாள் என்று வாழ்நாளெல்லாம் கேட்டவரின் பெயர் தாங்கிய இடத்தில் இந்தத் துறை இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. மானிடவியல் படிக்க விரும்புகிறவர்கள் சென்னைக்குப் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதலே அதற்குத் துறை உண்டு.

என் மனதில் நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. நம் மண்ணைப் பற்றிய ஆழமான ஆய்வுகள் பலவும் வெளியிலிருந்து வந்தவர்களால், ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் அந்த அளவெடுப்புக்கு உட்பட்டவர்கள்தான். ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலை இன்றும் புரட்டுகிறோம். செய்திகள் நிறைய, ஆனால் ஒரு மனிதனை மூக்களவால் வகைப்படுத்தும் முறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த முறையைக் கைவிட்டுத்தான் இந்தத் துறையே வளர்ந்தது.

பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி வாழ்ந்தார். கொங்கு உழவர் சமூகம் பற்றிய அவரது நூல் 1972-ல் வந்தது. நம் பாட்டன்மார் இரவிரவாகக் கேட்ட அண்ணன்மார் கதையை அவர் ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்தார். அதற்காக இந்தச் சீமை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

குமாரபாளையம் வாசகர்கள் அறிய வேண்டியது இன்னொன்று. கீர்ட் தெ நெவ் என்ற மானிடவியலாளர் 1990களில் பவானியிலும் குமாரபாளையத்திலும் களப்பணி செய்தார். அவர் எடுத்துக்கொண்டது, தறிப்பட்டறையில் எல்லோருக்கும் பழக்கமான 'பாக்கி'. வேலைக்குச் சேரும்போது தறி ஓட்டுகிறவர் முதலாளியிடம் மொத்தமாக ஒரு தொகை வாங்குகிறார். அந்தக் கடன் தீரும்வரை பட்டறையை விட்டுப் போக முடியாது. வேறு பட்டறைக்குப் போவதென்றால் புது முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இது கொத்தடிமை மாதிரிதான் தெரியும். அவர் உட்கார்ந்து கேட்டபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது: ஆள் தட்டுப்பாடான காலத்தில் தொழிலாளிகள் அதே பாக்கியைப் பெரிதாக்கிக் கேட்டு, கிடைக்காவிட்டால் வேறு பட்டறை தேடி, தங்கள் கையையும் பலப்படுத்திக்கொள்கிறார்கள். ஆளைக் கட்டும் கயிறு சில சமயம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. இதைச் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. 1999-ல் கட்டுரையாகவும் பிறகு 2005-ல் நூலாகவும் வந்த இந்த ஆய்வைத் தறி ஓட்டுகிற எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லும்போதே நெஞ்சு கனக்கிறது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அடுத்த ஆண்டே, பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாக நம் மாவட்டத்தில் தொடங்கியது. அந்த எண் நம்மைத் தலைகுனிய வைத்தது. ஆனால் ஏன் என்ற கேள்விக்கு எண்ணிடம் பதில் இல்லை. வரதட்சணை, நிலப் பங்கு, மாமியார் வீட்டில் மருமகளின் நிலை, ஒரே பிள்ளை போதும் என்ற முடிவு இவையெல்லாம் எப்படிச் சேர்ந்து அந்த இடத்துக்குக் கொண்டுபோயின என்பதைப் பெண்களிடம் உட்கார்ந்து, அவர்கள் நம்பிப் பேசும்வரை காத்திருந்து கேட்க வேண்டும். நம் பேச்சு தெரிந்த, நம் வீட்டுப் பெண்பிள்ளைகளே அதற்குத் தகுந்தவர்கள் என்று நான் நம்புகிறேன்.

கையில் நோட்டோடு ஒரு மாணவி உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வாள்? முதலில் குடும்பத்தைப் படமாக வரைவாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், நடுவில் சமக்குறி போட்டால் கல்யாணம், மேலே கோடு இழுத்துச் சேர்த்தால் உடன்பிறந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தாய்மாமன் மகனைக் கட்டிய ஆத்தாவாக இருந்தால், பிறந்த வீட்டிலிருந்து கிளம்பிய கோடு புகுந்த வீட்டைச் சுற்றி மறுபடி பிறந்த வீட்டிலேயே வந்து நிற்கும்! பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று நம் வீட்டு நாலு வயதுக் குழந்தைக்கே தெரியும். பெரியப்பா மகன் அண்ணன், அத்தை மகன் மச்சான் என்ற இந்தக் கணக்குதான் உலக மானிடவியலையே வியக்க வைத்தது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871-ல் வெளியிட்ட உறவுமுறை நூலில், தமிழர் உறவுமுறையையும் அமெரிக்கப் பழங்குடிகளான செனகா மக்களின் உறவுமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இத்தனை ஒற்றுமை எப்படி வந்தது என்று கேட்டார். மானிடவியலின் தொடக்கப் பாடங்களிலேயே தமிழ் வீட்டின் திண்ணை இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கருப்பூரிலிருந்து வரும் பிள்ளைகளை ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர்கள் என்றோ, ஏதோ விற்க வந்தவர்கள் என்றோ நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். எதற்காகக் கேட்கிறார்கள், பெயரை வெளியிடுவார்களா என்று விசாரியுங்கள். அது உங்கள் உரிமை. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொல்வதை மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. 1910களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் கிராமத்தை எழுதி வரச் சொன்னார். 1918-ல் அது நூலாயிற்று. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு என்ற கிராமத்தை 1930களில் மறுபடி ஆராய்ந்தார்கள். அதற்குப் பின்னும் பலமுறை ஆராய்ந்து, 2008 வரை வந்துவிட்டார்கள். ஒரே ஊரின் ஏறத்தாழ நூறாண்டுக் கதை, கூலி, நிலம், சாதி எல்லாவற்றோடும் நம்மிடம் இருக்கிறது. முதல் வரியை எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை மறக்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கும், அம்மாப்பேட்டைத் தறிக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும், நாமக்கல் லாரி ஷெட்டுக்கும், மரவள்ளி அரைக்கும் சேகோ ஆலைக்கும் அப்படி ஒரு முதல் வரி தமிழில் வேண்டும். பட்டம் வாங்க ஆங்கிலத்தில் எழுதுங்கள், தவறில்லை. கேட்டவர்களுக்குப் புரியும்படி தமிழிலும் ஒருமுறை எழுதுங்கள்.

அதற்கு நம் இதழ் இடம் தருகிறது. அடுத்த இதழ் முதல் இரண்டு பக்கங்கள் இதற்காகவே ஒதுக்கப்படும். பெரியார் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டுமல்ல, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படிப்பவரும் அனுப்பலாம். ஒரு தெரு, ஒரு பட்டறை, ஒரு சந்தை, ஒரு ஆஸ்பத்திரி வராந்தா, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் இருக்கட்டும், ஆட்களின் பெயரை மாற்றிவிடுங்கள். அனுப்புவதற்கு முன், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தம் சொன்னால் அதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்